பிறையின் மேல் படிந்த கறை

பிறை என்னும் சொல் நம் இல்லங்களில் எத்துணை இனிமையோடு ஒலிக்கிறது! நோன்பின் வருகையை அறிவிப்பது பிறை. பெருநாளின் மகிழ்ச்சியைக் கொணர்வது பிறை. மொட்டை மாடியில் நின்று மேல்வானத்தைத் துழாவாத சிறுவர் நம்மிடையே உண்டா? அந்தப் பிறையின் பெயரைத்தான் உலகம் ஒரு நச்சு வாணிபத்திற்கும் சூட்டி வைத்திருக்கிறது. ஆப்கானிஸ்தான், ஈரான், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளையும் தழுவி வளைந்து கிடக்கும் அபின் நிலப்பரப்புக்குப் 'பொற்பிறை' என்று பெயர். மியான்மர், லாவோஸ், தாய்லாந்து எல்லைகள் சந்திக்கும் இடம் 'பொன் முக்கோணம்' எனப்பட்டது போல, இது பொற்பிறையாம்!

பெயரைக் கண்டு சினம் கொள்வது எளிது. இஃது நம்மை இழிவுபடுத்த இட்ட பெயர் என்று மேடையில் முழங்கிவிட்டு வீடு திரும்பிவிடலாம். ஆனால், அன்பர்களே, கறை பெயரில் இல்லை; செயலில் இருக்கிறது. போதை தரும் பொருள் அனைத்தையும் விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் மக்கள் வாழும் மண்ணில் அந்தப் பயிர் விளைந்தது; அந்த மண்ணின் துறைகளிலிருந்து அது கப்பலேறியது. அதனைத் தடுக்க வேண்டிய அரசுகளோ, மேற்கிலும் கிழக்கிலும் நம் தென்னாசியாவிலும், ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசவும் மறுக்கின்றன. கடத்துகிறவர்கள் ஒரு தாய் மக்களைப் போல் உழைக்கிறார்கள். தடுக்க வேண்டியவர்கள் பங்காளிகளைப் போல் பகைத்து நிற்கிறார்கள். இதுவே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

அரசே வணிகனாக இருந்த காலம்

போதைப் பொருளை அரசுகள் கூடி ஒழிப்பது என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். 1773ஆம் ஆண்டு வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபின் வாணிபத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையாக்கினார். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அபின் கட்டிகள் பெட்டி பெட்டியாக அடைக்கப்பட்டுச் சீனத்திற்குப் போயின. 1839இல் லின் ட்சே சூ என்னும் சீன அதிகாரி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதற்குப் பரிசாக அவர் நாட்டிற்குக் கிடைத்தது போர். 1842இல் நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங்கையும் இழந்து, அழிக்கப்பட்ட அபினுக்கு விலையும் கொடுத்தது சீனம். தன் மக்களை நஞ்சிலிருந்து காக்க முனைந்த நாடு தண்டம் கட்டியது. நஞ்சை விற்ற நாடு அதனைப் பெற்றுக்கொண்டது!

இந்த அநீதி உலகின் மனச்சான்றை உறுத்தப் பல பத்தாண்டுகள் ஆயின. 1909இல் ஷாங்காய் நகரில் பதின்மூன்று நாடுகள் கூடின. 1912இல் ஹேக் நகரில் முதல் உலக அபின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 1961, 1971, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் உடன்படிக்கைகள் உருவாயின. குற்றவாளியை ஒப்படைத்தல், சான்றுகளைப் பகிர்தல், கடத்தல் பணத்தைப் பறிமுதல் செய்தல், நடுக்கடலில் ஐயத்திற்குரிய கலத்தைச் சோதித்தல் ஆகிய அனைத்துக்கும் 1988ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இடமுண்டு. உலகின் ஏறத்தாழ எல்லா அரசுகளும் இவற்றை ஏற்றுக்கொண்டுள்ளன. சட்டத்திற்குக் குறைவில்லை.

1998இல் ஐ.நா. பொதுச்சபை தனிக் கூட்டம் கூட்டி, போதையற்ற உலகம் நம்மால் முடியும் என்று முழங்கியது. 2008க்குள் அபின், கோக்கோ, கஞ்சாப் பயிர்களை ஒழித்துவிடுவது அல்லது பெருமளவு குறைத்துவிடுவது என்று நாளும் குறித்தது. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்போ 2015ஐயே தன் கெடுவாக வைத்துக்கொண்டது. இரண்டு கெடுக்களும் வந்தன, போயின. 2023ஆம் ஆண்டில் உலகில் சுமார் 31 கோடியே 60 இலட்சம் பேர் போதைப் பொருள்களைப் பயன்படுத்தினர் என்பது ஐ.நா.வின் கணக்கு. போதை நோய்க்கு ஆளானோரில் பன்னிருவருக்கு ஒருவரே மருத்துவம் பெற்றனர் என்பதும் அதே அறிக்கை தரும் செய்தியாகும்.

மாலேயில் இட்ட கையொப்பம்

உலகம் இருக்கட்டும், நம் வட்டாரத்தைப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், மாலத்தீவின் தலைநகரான மாலேயில் சார்க் அமைப்பின் ஏழு நாடுகளும் போதைப் பொருள் ஒழிப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1993இல் அது நடைமுறைக்கும் வந்தது. போதைக் குற்றங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பகிர்ந்துகொள்ளக் கொழும்பு நகரில் ஒரு கண்காணிப்புப் பிரிவும் ஏற்படுத்தப்பட்டது. 2007இல் ஆப்கானிஸ்தானும் சார்க்கில் சேர்ந்தது. அபின் விளையும் நிலமும், அது கடந்து செல்லும் துறைகளும், அதன் தீமைக்கு இரையாகும் நகரங்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தன. இதைவிட நல்வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

ஆனால் நடந்தது என்ன? 2014ஆம் ஆண்டு காத்மாண்டு மாநாட்டிற்குப் பின் சார்க் நாடுகளின் தலைவர்கள் மாநாடு கூட்டவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு நின்று போயிற்று. இந்தியாவின் போதைப் பொருள் தடுப்புத் துறையும் பாகிஸ்தானின் தடுப்புப் படையும் 2011இல் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தமும் உண்டு. இரு நாடுகளுக்கிடையே பேச்சே அற்றுப்போன பின் அந்தத் தாளில் உயிர் எங்கிருந்து வரும்? ஊரில் இரண்டு பெரிய வீட்டார் பேசாதிருந்தால், தெருவில் தீப்பிடித்தாலுமா கிணற்றுக் கயிற்றைக் கொடுக்க மறுப்பார்கள்? நம் அரசுகள் மறுக்கின்றன.

கடத்தல்காரர்களின் ஐக்கிய நாடுகள்

இனி எதிர்த் தரப்பின் ஒற்றுமையைக் காணுங்கள். ஹெல்மந்த் மாநிலத்து உழவன் கசகசாச் செடியின் காயைக் கீறிப் பால் எடுக்கிறான். அந்தப் பால் ஹெராயின் ஆக வேண்டுமானால் அசிட்டிக் அன்ஹைட்ரைட் என்னும் இரசாயனம் வேண்டும். அது ஆப்கானிஸ்தானில் செய்யப்படுவதன்று; வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் பிறந்து, பொய்ச் சீட்டோடு எல்லை தாண்டி வருவது. ஆகவே ஹெராயின் என்பது ஒரு நாட்டின் பாவமன்று. பல நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. பிறகு அது மக்ரான் கரையில் மரக்கலம் ஏறுகிறது. அரபிக்கடலின் நடுவே கலம் மாறுகிறது. ஒரு கலத்தில் ஒரு நாட்டவர், அடுத்த கலத்தில் மற்றொரு நாட்டவர். மொழி வேறு, மதம் வேறு, கொடி வேறு. கணக்கு மட்டும் ஒன்று. அங்கே எல்லைத் தகராறு இல்லை. விசா மறுப்பு இல்லை. மாநாடு ஒத்திவைப்பும் இல்லை.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தானில் புறப்பட்டு, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தின் வழியே, மாக்கல் என்ற பெயரில் அது வந்து சேர்ந்தது. மூன்று நாடுகளின் மண்ணைத் தொட்ட சரக்கு அது. பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எவ்வளவு என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

இந்தக் கடல் நமக்கு அந்நியமன்று. நம் முன்னோர் மரக்கலம் செலுத்திய கடல் இது. காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் துணியும் அரிசியும் முத்தும் கொண்டு இலங்கைக்கும் கிழக்காசியாவுக்கும் சென்று, நாணயத்திற்குப் பெயர் பெற்ற வணிகர்களின் கடல். அதே நீரில் இன்று நஞ்சு மிதந்து வருகிறது.

பகைவனோடு கைகோப்பதா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். 'எல்லையில் குண்டு வீசுகிறவனோடு எப்படி ஒத்துழைப்பது? அவனே கடத்தலுக்குத் துணை நிற்கிறான் என்றால் அவனிடமா தகவல் கொடுப்பது?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. இரகசியத்தைக் கையளித்து ஏமாறும் அரசு அறிவுள்ள அரசன்று.

ஆனால் ஓர் உண்மையை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று இரு அரசுகளும் தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்து வருகின்றன. 1999இல் கார்கில் போர் வந்தது; 2008இல் மும்பைப் படுகொலை நிகழ்ந்தது; 2019இல் விமானங்கள் எல்லை தாண்டின. பட்டியல் நின்றதில்லை. மற்றொரு பட்டியலும் உண்டு. 2008ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, தத்தம் சிறைகளில் உள்ள மறுநாட்டுக் கைதிகள், மீனவர்கள் ஆகியோரின் பெயர்களையும் ஆண்டுக்கு இருமுறை கொடுத்துக்கொள்கிறார்கள்.

அணு நிலையம் இருக்கும் இடத்தைப் பகைவனுக்கு எழுதிக் கொடுக்கத் துணிந்த அரசுகளுக்கு, கடத்தல் கலம் ஒன்றின் அடையாளத்தை எழுதிக் கொடுக்கவா துணிவில்லை? துணிவு இல்லாமலில்லை, மனம் இல்லை. அணுகுண்டு ஆட்சியாளனின் மாளிகையையும் எரிக்கும் என்பதால் அதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். போதை எரிப்பது பெரும்பாலும் ஏழையின் குடிசையைத்தானே!

ஒத்துழைத்தால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கும் விடை இருக்கிறது. 2023 மே மாதத்தில் இந்தியப் போதைத் தடுப்புத் துறையும் கடற்படையும் சேர்ந்து கேரளக் கரைக்கு அப்பால் ஒரு கலத்தை மடக்கி, சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைன் என்னும் செயற்கைப் போதைப் பொருளைக் கைப்பற்றின. அந்த நடவடிக்கையின் தொடக்க மாதங்களில் இந்தியா தந்த தகவலைக் கொண்டு இலங்கையும் மாலத்தீவும் தம் கடற்பகுதியில் கடத்தல்காரர்களைப் பிடித்திருந்தன. 2024 நவம்பரில் இலங்கைக் கொடி பறந்த இரு படகுகளை, அந்நாட்டுக் கடற்படை தந்த தகவலின் பேரில் இந்தியக் கடற்படை அரபிக்கடலில் மடக்கியது. சுமார் 500 கிலோ அதே நஞ்சு சிக்கியது. இரண்டு அரசுகள் மனம்விட்டுப் பேசியதன் விளைவு இது. 2007இல் ஐ.நா.வின் முயற்சியால் ஆப்கானிஸ்தான், ஈரான், பாகிஸ்தான் மூன்றும் ஒரு முத்தரப்பு ஏற்பாட்டைத் தொடங்கி, பின்னர் தெஹ்ரானில் கூட்டுத் திட்டமிடும் பிரிவு ஒன்றையும் நிறுவின. பொற்பிறையின் நடுவிலேயே முளைத்த இந்த நல்விதைக்குத் தண்ணீர் ஊற்றியவர் எத்தனை பேர்?

தூக்குக் கயிறு போதாதா?

'ஒத்துழைப்பும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். பிடித்த இடத்தில் தூக்கில் போட்டால் எல்லாம் அடங்கிவிடும்' என்பார் சிலர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிச் சொன்னால் அவள் கண்ணீரை நாம் மதிப்போம். ஆனால் அரசுகளும் அப்படியே பேசலாமா?

ஈரானைப் பாருங்கள். ஆப்கான் எல்லையில் கடத்தல்காரர்களோடு போரிட்டு 3,000க்கும் மேற்பட்ட காவலர்களைப் பலி கொடுத்த நாடு அது. உலகில் கைப்பற்றப்படும் அபினில் மிகப் பெரும்பங்கு அந்நாட்டில்தான் பிடிபட்டு வந்துள்ளது. பல பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கானோரைத் தூக்கிலிட்டும் பார்த்தது. போதை ஒழியவில்லை. 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றமே மரண தண்டனைக்குரிய அளவை உயர்த்திச் சட்டத்தைத் தளர்த்தியது. பின்னர்த் தூக்குகள் மீண்டும் பெருகின; கடத்தலோ நின்றபாடில்லை.

காரணம் வெளிப்படை. கயிற்றில் தொங்குபவன் சுமைகூலி. சரக்குக்குப் பணம் போட்டவன் வேறு நாட்டில், வேறு பெயரில், வங்கிக் கணக்கும் மாடமாளிகையுமாக வாழ்கிறான். உலகில் சலவை செய்யப்படும் குற்றப் பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிடிபடுவதில்லை என்று ஐ.நா. அலுவலகமே 2011இல் மதிப்பிட்டது. ஒரு நாட்டுக் காவலர் மற்றொரு நாட்டு வங்கியின் கதவைத் தட்டித் திறக்க முடியாது. அந்நாட்டு அரசு உடன்பட்டாலன்றி அந்தக் கதவு திறவாது. அதுதான் ஒத்துழைப்பு. சுமைகூலியைப் பிடிக்க ஒரு நாடு போதும். முதலாளியைப் பிடிக்கப் பல நாடுகள் வேண்டும்.

அப்பாவியைக் காப்பதற்கும் அதுவே வேண்டும். வளைகுடாவில் மகனோ மருமகனோ இல்லாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. 'தெரிந்தவர்தாம் கொடுத்தார், சின்னப் பொட்டலந்தான்' என்று பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர் அயல்நாட்டுச் சிறையில் முடிந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அப்படி வளைகுடா நாடொன்றில் பத்தாண்டுத் தண்டனை பெற்ற இந்தியத் தம்பதியர் 2021இல் விடுதலையாயினர். இந்தியத் தடுப்புத் துறை இங்கே விசாரித்து, பொட்டலத்தின் சூழ்ச்சியைக் கண்டறிந்தது. அச்சான்று அங்கே போய்ச் சேர்ந்தது. இரு அரசுகளும் பேசியதால் அவர்கள் வீடு திரும்பினர். பேசாத அரசுகளுக்கிடையே இன்னும் எத்தனை அப்பாவிகள் சிக்கிக் கிடக்கிறார்களோ!

உழவனின் அடுப்பு

காவலர்கள் கைகோத்தால் மட்டும் போதுமா? போதாது. 2002 முதல் 2017 வரை ஆப்கானிஸ்தானில் போதை ஒழிப்புக்கென அமெரிக்கா செலவிட்ட தொகை 862 கோடி டாலர். அதே காலத்தில் அபின் சாகுபடி பெருகியதே அன்றிக் குறையவில்லை. 2017இல் அது 3,28,000 ஹெக்டேரை எட்டியது. பின்னர் 2022 ஏப்ரலில் தாலிபான் அரசு அபின் சாகுபடியைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே சாகுபடி 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800 ஹெக்டேராக வீழ்ந்தது. உலகம் பல்லாண்டு கேட்டது கிடைத்துவிட்டது!

அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அபின் உழவர்களின் வருவாய் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராகச் சரிந்தது. வறட்சியிலும் போரிலும் நொந்த அந்தக் குடும்பங்களின் அடுப்பு எதைக் கொண்டு எரியும் என்று கேட்டவர் சிலர். அந்த இழப்புக்கு ஈடாகும் அளவுக்கு உதவியவர் இலர். மறுபுறம், 2023இல் 1,080 டன் அபின் விளைவித்து மியான்மர் முதலிடத்திற்கு வந்தது. காற்றடைத்த பையை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கிறது. தனியொரு நாட்டின் தடை, அது எத்துணைக் கடுமையானதாயினும், உலகத் தீமையை ஒழிக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தடுக்கும் கையோடு கொடுக்கும் கையும் சேர்ந்தால்தான் அது ஒத்துழைப்பு.

நம் வீட்டுக் குப்பை

அண்டை வீட்டைக் குறைகூறிய நாம் நம் வாசலையும் பார்க்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து நம் நாட்டிலிருந்து எல்லை தாண்டி வங்கதேசத்து இளைஞர்களைப் பல ஆண்டுகளாகக் கெடுத்து வந்திருக்கிறது. டிரமடோல் மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவைச் சென்றடைந்து அங்கே பெருங்கேடு விளைத்த பின்னரே, 2018இல் அம்மருந்து நம் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. டபெண்டடோல், கரிசோப்ரடால் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு 2025இல்தான் தடை வந்தது. பொற்பிறையை ஏசும் நம் வாய், இந்த மாத்திரைகளைப் பற்றி ஏன் ஊமையாகிறது? அங்கே பெட்டியில் வந்தால் கடத்தல். இங்கே ரசீதோடு போனால் ஏற்றுமதியா?

நம் நாட்டில் மட்டும் அபின் வகைப் போதைகளைப் பயன்படுத்துவோர் 2 கோடியே 26 இலட்சம் என்றும், அவர்களுள் சுமார் 77 இலட்சம் பேர்க்கு உதவி தேவை என்றும் 2019இல் வெளிவந்த அரசின் ஆய்வு கூறியது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாய் இருக்கிறாள் என்பதை மறவாதீர்கள்.

என்ன கேட்கிறோம்?

நாம் கேட்பவை ஐந்தே. சார்க் மாநாடு கூடுகிறதோ இல்லையோ, மாலே உடன்படிக்கை செயல்பட வேண்டும். ஜனவரி முதல் நாள் பட்டியலைப் போல, கடத்தல் பற்றிய தகவல் பரிமாற்றமும் போருக்கும் பூசலுக்கும் அப்பாற்பட்டதாக அறிவிக்கப்பட வேண்டும். சுமைகூலியோடு நில்லாமல் முதலாளியின் பணத்தைத் தேடிப் பிடிக்க அரசுகள் வங்கிக் கதவுகளை ஒன்றுக்கொன்று திறந்துவிட வேண்டும். அபினைக் கைவிட்ட உழவனுக்கு மாற்றுப் பயிரும் சந்தையும் தர உலகம் முன்வர வேண்டும். நம் மருந்து ஏற்றுமதி நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும்.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் பெட்டியில் வைக்காதீர்கள். கொடுப்பவர் உறவினரேயாயினும் கூச்சப்படாதீர்கள். போதைக்கு அடிமையான பிள்ளையை மானத்திற்கு அஞ்சி அறையில் பூட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் தண்ணீரும் கேட்பதோடு, அண்டை நாடுகளோடு சேர்ந்து இந்த நஞ்சைத் தடுக்க என்ன செய்தீர் என்றும் கேளுங்கள். மக்கள் கேளாத கேள்விக்கு எந்த அரசும் விடை தேடியதில்லை.

பிறை கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஊருக்கு ஊர் செய்தி சொல்லி அனுப்புகிறோம். முன்பு ஆள் ஓடினான். பிறகு தந்தி பறந்தது. இன்று கைப்பேசி ஒலிக்கிறது. நம்மிடையே வேற்றுமைகள் இல்லாமலில்லை. ஆயினும் கண்ட செய்தியை ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை. கரையில் ஒரு கலம் நஞ்சேற்றிப் புறப்பட்டதைக் கண்ட அரசு, அச்செய்தியை அடுத்த அரசுக்கு அதே விரைவில் சொல்லி அனுப்பட்டும். அன்றுதான் பிறையின் மேல் படிந்த கறை துடைக்கப்படும்.